ஐஸை யார் சுமப்பது

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு டயரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்போடுதான் அறந்தாங்கி டயர்க் கடைக்குள் போனேன்.

ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றிப் புதுக்கோட்டைக்குப் போகிற சின்ன லோடு வண்டி என்னுடையது. ஏலம் எடுப்பதும் விற்பதும் மனைவி, நான் டிரைவர். தினமும் என் பக்கத்து சீட்டில்தான் வருவாள். போன வருஷம் அவளுக்கு இடுப்புவலி வந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பின் டயர் இரண்டும் மொட்டையானதும், காருக்குப் போடுகிற டயரையே மாட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன். ரிம் அளவு ஒன்றுதான், மெத்தென்று ஓடும் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார்.

கடையை நடத்துவது ஒரு பெண். நான் கேட்ட டயரை அவர் எடுக்கவே இல்லை. வண்டிக்கடியில் குனிந்து பழைய டயரின் உட்பக்கத்தைத் தடவினார். வெளிப்பக்கத்தை ஆயுத பூஜைக்குப் பளபளவென்று கழுவுகிற நான் ஒருநாளும் தொடாத பக்கம் அது.

"இங்க தொட்டுப் பாருங்கண்ணே."

தொட்டேன். கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"எம்புட்டு லோடு ஏத்துறீங்க?"

"ஐநூறு கிலோ" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

அவர் நகத்தால் ரிம்மைச் சுரண்டினார். உப்புத் துரு உதிர்ந்தது. "மீன் வண்டி. மீனு ஐநூறு கிலோ, சரி. ஐஸை யாருண்ணே சொமக்குறது?"

எங்கள் பக்கம் லோடு எவ்வளவு என்று கேட்டால் மீன் எடையைத்தான் சொல்வோம். ஐஸ் போகிற வழியில் உருகிவிடும் சாமான், அதை யாரும் எடையாக நினைப்பதில்லை. ஆனால் மீன் அளவுக்கே ஐஸும் போடுகிறோம். கிளம்பும்போது வண்டியில் இருப்பது ஒரு டன்.

இரண்டு டயர்களை உருட்டிவந்து, பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களைக் காட்டினார். எது எவ்வளவு தாங்கும் என்பது அதில்தான் இருக்கிறதாம். "நீங்க கேட்டது நாலு பேரு ஏறுற காருக்கு. ஒங்க லோடுக்குக் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் வெடிச்சா, பக்கத்துல அண்ணி இருக்காங்க."

வண்டியை விட்டு இறங்கி நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். "காரு டயரு எதுக்குங்க கேட்டீங்க?"

"ஒன் இடுப்புக்குத்தான்" என்றேன். சொல்லும்போதே அவமானமாக இருந்தது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "டயரு கெட்டியா இருக்கட்டும். அண்ணி சீட்டுக்கு நல்ல ஸ்பாஞ்சா வச்சுத் தைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார். கேட்டதை மாட்டி அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாகத்தான் போயிருப்பேன். குற்றம் சொல்லக்கூடத் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது நன்றாக யோசித்துப் பேசினால், டயர்க் கடைக்காரம்மா மாதிரி என்கிறோம்.

டயரை மாற்றி, சீட்டையும் தைத்து வாங்கிய மறுநாள் ஐஸ் கம்பெனியில், வழக்கம்போல கணக்குக்கு மேல் இரண்டு பார் ஐஸ்கட்டிகளைப் பிரியமாகத் தூக்கிப் போட வந்தார்கள். கையை நீட்டித் தடுத்தேன். ஒரு பார் எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"மீனுக்குத்தான் எடை கேப்பாங்க. ஐசுக்குப் போயி யாருண்ணே கேப்பாங்க?"

புது ஸ்பாஞ்சு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். "பக்கத்துல எம் பொண்டாட்டி இருக்காப்பா" என்றேன்.