குளிரை விரட்டிய இளவரசனோடு என் சண்டை

நான் முதன்முதலாகப் படித்து முடித்த தடித்த புத்தகத்தில் பூண்டும் விறகுப்புகையும் மணந்தன, ஏனென்றால் அதை ஒளித்து வைத்த இடம் அப்படி. பூம்பாறையைத் தாண்டிய எங்கள் மலையூரில் பறித்த பூண்டை அதன் தாளோடு கொத்தாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகையேற வைப்பார்கள். அந்தக் கொத்துகளுக்கு நடுவில்தான் புத்தகத்தைச் செருகி வைத்திருந்தேன். கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் அறை பெருக்கிக்கொண்டிருந்த என் அத்தை, யாரோ விட்டுப்போய்க் கேட்பாரற்றுக் கிடந்ததென்று அதைக் கொண்டுவந்து தந்தாள். "கதப் பொஸ்தகம் சோறு போடுமா?" என்பது அப்பாவின் கட்சி.

அது ஒரு மாயாஜால நாவல். மலைநாட்டின் வெயிலையெல்லாம் ஒரு மந்திரவாதி சங்குக்குள் அடைத்துவிட, மலை முழுக்கக் குளிரும் மேகமும் கவிந்துகொள்கின்றன. சமவெளியிலிருந்து ஓர் இளவரசன் பறக்கும் ஆட்டின் மேலேறி வந்து சங்கை உடைக்கிறான். குளிர் அடியோடு ஒழிகிறது. மலைச்சனங்கள் அவன் காலில் விழுந்து ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். பறக்கும் ஆட்டை நம்பினேன், பேசும் பாறையை நம்பினேன், களை எடுக்கப் போன இடத்தில்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்று அம்மாவிடம் வசவு வாங்கினேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. குளிர் போய்விட்டால் அந்தச் சனங்கள் அடுத்த வருடம் எதை நடுவார்கள்? குளிரில்லாமல் பூண்டு "பல்லு வைக்காது", வெங்காயம்போல ஒரே உருண்டையாக நின்றுவிடும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்கு, அத்தனை பக்கங்களிலும் ஆட்டுக்கு ஒரு பெயர் இருந்தது, மலைக்காரர் ஒருவருக்குக்கூடப் பெயரில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா, படித்த புத்தகம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நன்றாக எழுதுபவரைக் கொடைக்கானலில் நடக்கும் கட்டுரைப் போட்டிக்கு அழைத்துப் போவார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியிராத எனக்கு அந்தப் பயணத்தின் மேல் உயிர். நான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், இளவரசன் செய்தது உதவியல்ல, கெடுதி என்று எழுதினேன்.

"எழுத்து நல்லா இருக்கு. ஆனா பெரியவங்க எழுதி அச்சுல வந்த புஸ்தகத்துல போயி பூண்டக் கொண்டாந்து நொட்ட சொல்லிக்கிட்டு!" என்றார் அய்யா. "கடைசிப் பக்கத்த மட்டும் மாத்தி, இளவரசனோட வீரத்தப் பாராட்டி எழுதிட்டு வா. நீதான் போற."

ஒரே ஒரு பக்கம். வீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், இரண்டு முறையும் கிழித்தேன். பூண்டு முடிந்துகொண்டிருந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். புத்தகத்தை ஒளித்து வைத்ததற்கு இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, மறுநாள் வெள்ளனே, வயலுக்குக்கூடப் போகாமல், என்னோடு பள்ளிக்கு வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"அய்யா, நான் படிக்காதவன். ஆடு பறக்கும் பறக்காது, அதெல்லாம் எழுதுனவுக சோலி. ஆனா குளிரு போனா பூண்டு பல்லு வைக்காதுங்க. அது மட்டும் புள்ள சொன்னது நெசம்."

"கதையக் கதையாப் பாக்கணும்ங்க" என்றார் அய்யா, பொறுமையாகத்தான்.

"ஆடு பறக்கட்டும்ங்கய்யா. கீழ இருக்கிற சனம் சாப்புடணும்ல?" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை.

போட்டிக்கு வேறொருத்தி போனாள். அவளை ஏற்றிக்கொண்டு பஸ் வளைவில் திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு, யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது இல்லை, அடுப்பு போய் காஸ் வந்த வருடம் பரணோடு அதுவும் போயிற்று. அந்த நான்கு பக்கங்களும் இல்லை. குளிரே பாதி இல்லை. "இந்த வருசமும் குளிரு பத்தலத்தா" என்று அப்பா போனில் சொல்கிறார், எந்த இளவரசனும் எந்தச் சங்கையும் உடைக்காமலே. யாரும் யார் காலிலும் விழவில்லை.

நான் இப்போது மதுரையில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குப் புத்தக மதிப்புரை எழுதுகிறேன். போன வாரம் ஒரு புதிய மாயாஜால நாவலைப் பற்றி எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் மிக மரியாதையாகக் கூப்பிட்டு, எல்லாம் பிரமாதம், கடைசிப் பத்தியை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கித் தர முடியுமா, பெரிய எழுத்தாளர் பாருங்கள் என்றார். முடியாது என்றேன். கட்டுரை அச்சில் வருமா வராதா, தெரியவில்லை. வராவிட்டால் போகட்டும், அந்தப் பத்தி இருந்தபடியே இருக்கும்.