நாலாவது அடுக்கு

குற்றாலம் லாட்ஜில் அவர் எனக்குப் பக்கத்து அறைக்காரர். கடையநல்லூர்க்காரர். வெயிலில் வெந்த முகம், கழுத்துக் கயிற்றில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. வளைகுடாவின் பாலைவன மலைகளில் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்வது வேலை. ஒரு மலையின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொள்வார். தூரத்து மலையோடு அவற்றை ஒப்பிட்டு, எந்த அடுக்கு வரை இரண்டும் ஒரே கடலுக்கடியில் கிடந்தன என்று சொல்லிவிடுவாராம்.

லீவிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. அருவியில் குளிக்கத் தடை போட்ட அன்று, லாட்ஜின் உரிந்த சுவரை நகத்தால் சுரண்டினார். பிறகு, ஒட்டியிருந்த டீக்கடைச் சுவரையும் சுரண்டினார்.

லாட்ஜ்காரர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, என்ன செய்யுதீய?"

"ரெண்டு சுவத்துலயும் அடியில வெள்ளை, அப்புறம் நீலம், பச்சை. நாலாவது அடுக்குல ஒங்களுக்கு மஞ்சள், டீக்கடைக்கு ரோஸ். அண்ணன் தம்பி அங்கனதான் பாகம் பிரிச்சிருக்கீய."

லாட்ஜ்காரர் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மொதல்ல பெயின்ட் மாத்துனது அவன்தானே? அதையும் சொல்லுங்க."

"அதுக்கு இன்னும் நெறைய சுரண்டணும்."

"பூராத்தையும் சுரண்டுங்க அண்ணாச்சி!"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து அறைக்காரர் திரும்பி என் தலையைப் பார்த்தார். வேரில் வெள்ளை, நுனியில் மட்டும் பழைய டையின் கறுப்பு.

"சார் ரிட்டயர் ஆகி மூணு மாசம் இருக்குமா?"

சரியாக மூன்று மாதம்தான். உடனே தலையில் துண்டைக் கட்டிய நான் ஊர் திரும்பும்வரை அதை எடுக்கவில்லை. குற்றாலத்தில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, அவரைத் தவிர.