தோட்டத்துல எடந்தான் இருக்குதுங்களே

எங்கள் தென்னந்தோப்பு பொள்ளாச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கோயமுத்தூரில் குடியிருக்கும் சொந்தக்காரர்களில் ஒருத்தருக்கும் இந்த வருசம் காய்ப்பு எப்படி என்று தெரியாது. ஆனால் இங்கே இடம் இருக்கிறது என்பது மட்டும் அத்தனை பேருக்கும் தெரியும். பழைய சோபா அடைசலாக இருந்தால் தோட்டம். பிள்ளை வளர்ந்து சைக்கிள் சும்மா கிடந்தால் தோட்டம். வளர்த்த நாய் அலுத்துப்போனாலும் தோட்டம்தான். கண் தெரியாத கிழட்டு பொமரேனியன் ஒன்றும், காலைச் சாய்த்து நடக்கும் லாப்ரடார் ஒன்றும் அப்படி வந்து சேர்ந்தவைதான்.

"நாம தோட்டம் வெச்சிருக்கறமா, கோயமுத்தூருக்கே பரண் வெச்சிருக்கறமா?" என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

போன சித்திரையில் என் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, ஞாயித்துக்கெழம வாரோமுங்க." எனக்குச் சந்தோசம். கோழி அடித்து, பச்சைப்புளி ரசம் வைத்துக் காத்திருந்தேன். வெள்ளைக் காரிலிருந்து அவன், அவன் மனைவி, மகள் என்று ஒவ்வொருவராக இறங்க, "வாங்க, வாங்க" என்று வாய் ஓயாமல் சொன்னேன். கடைசியாக ஒரு ஹஸ்கி நாய் இறங்கியது. பனிநாட்டு நாய், உடம்பு முழுக்க ரோமம். சொன்ன வாய் நிற்கவில்லை, அதற்கும் ஒரு "வாங்க" சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்று ஒன்று உண்டு. பெண் கேட்டு வருபவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சோறு போட்டவர்களும் அதற்குப் பிறகு முகத்தை முறிக்க முடியாது. பையனுக்கு அது நன்றாகத் தெரியும். மோர் குடித்து முடிக்கும்வரை நாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இவன் ஃப்ளாட்ல ரொம்பச் சிரமப்படறானுங்க அத்தை. ஊளையிட்டா அசோசியேசன்ல சண்டைக்கு வாராங்க. முடி வேற கொட்டுது. தோட்டத்துல எடந்தான் இருக்குதுங்களே."

"ஏங் கண்ணு, வாங்கறப்ப முடியில்லாமயா இருந்துச்சு?"

"அப்பக் குட்டிங்க அத்தை" என்று அவன் மனைவி சிரித்தாள். "கடைல கண்ணாடிக்குள்ள உக்காந்துட்டுப் பாப்பாவையே பாத்துச்சு. இவ அழுதா. அரை மணி நேரத்துல வாங்கிப்போட்டோம்."

"ஒரு சேலை எடுக்க உனக்கு அரை நாளு வேணுமே அம்மணி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாய் காருக்குப் பின்னாலேயே ஓடிக் கேட்டில் நின்றது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்தது.

அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் எங்கள் வாயில் நுழையாததால் கண்ணு என்றே கூப்பிட்டோம். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் வெள்ளைக் கார் போனால் மட்டும் எழுந்து நிற்கும். சோறும் கறியும் வைத்த இடத்திலேயே ஈ மொய்த்துக் கிடந்தன. தேங்காய் பொறுக்க வரும் அம்மா பார்த்துவிட்டு, "மார்கழிக்குப் போத்துன கம்பளியச் சித்திரையிலயும் கழட்டாமத் திரியுதுங்க பாவம்" என்றார். வந்து பார்த்த கால்நடை டாக்டர், "மருந்துக்கு அடங்கற சீக்கு இல்லீங்க. ஆளத் தேடுது. இப்படியே திங்காமக் கெடந்தா தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி மகனுக்குப் போன் செய்தேன். "ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ சாமி."

"அடுத்த வாரம் வாரோமுங்க அத்தை." அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அவன் மனைவி போட்டோ கேட்டாள். விலா எலும்பு தெரிய நாய் கேட்டில் கிடப்பதை எடுத்து அனுப்பினேன். பதிலுக்குச் சிவப்பாக ஒரு இதயம் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாய்க்கு ஊட்டிவிடவா?

கொண்டுபோய் அவர்களிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு மூட்டை தேங்காயையும் காரில் ஏற்றினேன். "கை நனைக்கறதுக்கு முன்னாலயே விசயத்தச் சொல்லிப்போடு" என்று வண்டியை ஓட்டியபடி வீட்டுக்காரர் எச்சரித்தார். ஊர் நெருங்க நெருங்க நாய் எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது. ஃப்ளாட் வாசலில் அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனைத் தேங்காய் மூட்டையோடு அழைத்துக்கொண்டு மேலே போனேன். லிஃப்ட் வாசலில் நாய் சங்கிலியோடு என்னை இழுத்தது. கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்து பாப்பாவின் மடியில் தலையை வைத்தது.

மடியில் ஏற்கெனவே ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி இருந்தது. கழுத்தில் ரிப்பன்.

"பாப்பா தனியா இருக்கறாளேன்னு வாங்குனோமுங்க அத்தை. பூனைன்னா சத்தம் போடாது பாருங்க" என்றாள் அம்மாக்காரி. பூனை சீறியது. "அம்மா, இவனை வெளிய போகச் சொல்லு, குட்டி பயப்படுது" என்று பாப்பா நாயின் தலையைத் தள்ளினாள்.

தம்பி மகன் தண்ணீர் டம்ளரோடு வந்தான். "குடிங்க அத்தை. காபி போடச் சொல்றேன்."

டம்ளரை வாங்காமல் நாயைப் பார்த்தேன். இங்கே விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தர் தோட்டம், இல்லையென்றால் ஏதாவது ஒரு பைபாஸ் ஓரம்.

"வேண்டாங் கண்ணு. இங்க நான் கை நனைக்கல."

அவன் முகம் செத்துவிட்டது. "என்னுங்க அத்தை, இப்படிச் சொல்லிப்போட்டீங்க..."

"நாய நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா அந்தப் பூனைக்கு எங்க தோட்டத்துல எடமில்ல. இப்பவே சொல்லிப்போட்டேன்."

நாய் நகரவில்லை. இழுத்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

காரில் வீட்டுக்காரர் கேட்டார். "தேங்கா மூட்டை எங்க?"

"குடுத்துட்டேன்."

"கோவிச்சுக்கப் போனவ தேங்காயக் குடுத்துட்டு வந்தயாக்கும்!"

நாய் மறுநாளும் கேட்டில்தான் கிடந்தது. ஆனால் வெள்ளைக் காருக்கு எழவில்லை. மாட்டுத் தொட்டிக்கு வந்து நெடுநேரம் தண்ணீர் குடித்தது. அப்புறம் லாப்ரடாரின் தட்டில் மிச்சமிருந்த சோற்றைத் தின்றது.

எனக்குத் திமிர் ஏறிவிட்டதாகச் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். யாராவது "வாரோமுங்க" என்று போன் செய்தால், வருவது ரெண்டு காலா நாலு காலா என்று கேட்டுக்கொண்டுதான் இப்போது உலையில் அரிசி போடுகிறேன்.