பேண்டு செட் வெப்சைட்டும் ராம்கியின் ஆறு கம்ப்யூட்டரும்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ராம்கியின் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பாண்டிமீனா யாரென்று சரியாகத் தெரியாது. ராம்கியின் தங்கச்சி, வேகமாக டைப் அடிப்பாள், அவ்வளவுதான் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேண்டு செட்டுக்குப் பதினாறு வருஷமாக வெப்சைட் நடத்திக்கொண்டிருப்பவள் அவள். பேண்டு அடித்தவர்களே மறந்த பேண்டுக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்றால் அது மீனாதான்.

2008இல் அவள் பதினொன்றாம் வகுப்பு. பேண்டில் இரண்டாவது வரிசை, சைடு டிரம். அப்போது இந்த இடம் ராம்கியின் பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'யளனக' என்ற முதல் பாடத்தில் தொடங்கித் தமிழ் லோயர் பரீட்சை பாஸாகியிருந்த கையோடு, அங்கிருந்து ஒரு தமிழ் எழுத்துரு சிடியை வாங்கிவந்து ஆறு கம்ப்யூட்டரிலும் ஏற்றி, இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் வெப்சைட்டைத் தொடங்கிவிட்டாள். கறுப்புப் பின்னணி, மினுக்கும் மஞ்சள் எழுத்து, இடமிருந்து வலம் ஓடும் வரவேற்பு, அடியில் வந்தவர்களை எண்ணும் கவுண்டர். பார்த்தால் கண் கூசும். ஆனாலும் என்ன, உசிலம்பட்டிப் பேண்டு உலகத்துக்கே தெரியும்படி ஆகிவிட்டதே!

ஒன்பதே மாதத்தில் கவுண்டர் பத்தாயிரத்தைத் தாண்டியது. மீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேண்டு முழுவதற்கும் சீரணி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். அமெரிக்காவிலிருந்தும் பார்க்கிறார்கள் என்று அவளாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

உண்மை ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பாசக்கார அண்ணன் தன் ஆறு கம்ப்யூட்டரிலும் முதல் பக்கமாகத் தங்கச்சியின் வெப்சைட்டைத்தான் வைத்திருந்தான். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன், வேலைக்கு மனுப்போட வந்தவன், யார் உட்கார்ந்தாலும் கவுண்டரில் ஒன்று ஏறியது. பத்தாயிரம் பேரும் ராம்கியின் கஸ்டமர்கள்.

"அவமானமா இருக்குண்ணே," என்று அழுதாள் மீனா.

"எதுக்குத்தா அழுகுற? பத்தாயிரம் பேரு கண்ணுல பட்டது பொய்யா?" என்றான் ராம்கி. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த அவமானம் தலைமையாசிரியை ரூபத்தில் வந்தது. பள்ளிக்கு வெப்சைட் உண்டு என்பதற்கு மேலிடத்தில் ஆதாரம் கேட்டிருந்தார்கள். அந்த அம்மா பள்ளிக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில், தமிழுக்குத் தட்டிய கீயில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். அதாவது, ராம்கியின் ஆறு கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் எங்குமே அந்த வெப்சைட்டைப் படிக்க முடியாது. தலைமையாசிரியை அசரவில்லை. அப்படியே மூன்று தாள் பிரிண்ட் எடுத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டு, நகலைக் கோப்பில் போட்டார். "படிக்க முடியலைன்னா என்ன, இருக்குன்னு தெரியுதுல்ல?" என்றாராம்.

அதற்குப் பிறகு வெப்சைட்டுக்கு நேரம் சரியில்லை. இலவச இடம் கொடுத்தவர்கள் ஒருநாள் கடையை மூடிவிட்டுப் போனார்கள். மீனா வலைப்பூ ஒன்று தொடங்கிப் படங்களாகப் போட்டாள். 2016இல் சொந்த முகவரியே வாங்கினாள். கொரோனா நேரத்தில் அதைப் புதுப்பிக்க மறந்துபோக, யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேண்டு செட் முகவரியைத் தட்டினால் ரம்மி விளையாடக் கூப்பிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, வேறு பெயரில் மறுபடி ஆரம்பித்தாள். இப்போது இருப்பது நான்காவது. செல்போனில் பளிச்சென்று திறக்கும். எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும். யார் திறக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முதல் கவுண்டரில் சூடுபட்டதிலிருந்து அவள் கவுண்டரே வைக்கவில்லை.

போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பேண்டின் இப்போதைய லீடர் சோணைப்பிரியா சீருடையோடு மையத்துக்குள் ஓடிவந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை மதுரையில போட்டி. ஒவ்வொரு ஸ்கூலும் சொந்தமா ஒரு நடை அடிக்கணுமாம். நமக்குப் பழைய பேண்டு மாஸ்டர் இம்மானுவேல் சார் போட்ட நடை இருக்காம்ல? எங்க யாருக்கும் தெரியலக்கா!"

நடை என்பது அணிவகுத்துப் போகும்போது டிரம்மில் அடிக்கும் தாளம். அது தெரியாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பேண்டில் எதையும் எழுதிவைத்துப் படிக்கிற வழக்கமே கிடையாது. ஏப்ரல் விடுமுறையில் மூத்தவர்கள் பெஞ்சில் தட்டிக்காட்ட, இளையவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கொரோனாவில் இரண்டு ஏப்ரல் போனதும் சங்கிலி அறுந்துவிட்டது.

"அதுக்கு ஏன் பதறுற? எல்லாம் வெப்சைட்ல இருக்கு," என்றாள் மீனா, ராஜா வீட்டுப் பொண்ணு மாதிரி. "போட்டிக்கு நான் பொறுப்பு."

சோணைப்பிரியா போன பிறகுதான் யோசித்துப் பார்த்தாள். நடையின் அடியை இம்மானுவேல் சார் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தது உண்மை. ஆனால் அது முதல் வெப்சைட்டில். அது போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

பழைய பேண்டு ஆட்களின் வாட்ஸப் குழுவில் கேட்டாள். முதல் பாதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. மேடைக்கு முன்னால் பேண்டு இடது பக்கம் திரும்புகிற அந்த நடு இடத்தில்தான் சண்டை. ஏழு பேர் ஏழு குரல் பதிவு அனுப்பினார்கள். ஏழும் ஏழு மாதிரி. திருப்பூரிலிருந்து அருண்பாண்டி, "என்னோடதுதான் கரெக்ட், எம் பிள்ளை மேல சத்தியம்" என்றான். ராம்கி பேண்டில் பெரிய டிரம் அடித்தவன். அவன் தட்டியது எட்டாவது மாதிரி. மீனாவின் தலைக்குள் ஓடியதோ ஒன்பதாவது. தூத்துக்குடியில் இருக்கும் இம்மானுவேல் சாருக்கே போன் போட்டாள். ரிட்டயர் ஆன மனிதர் உற்சாகமாகத் தாளம் போட்டுக் காட்டினார். பாதியிலேயே அது கிறிஸ்துமஸ் பஜனையாகிவிட்டது.

புதன்கிழமையும் போயிற்று. இத்தனை வருஷம் நடத்திய வெப்சைட்டுக்கு ஒரே ஒரு வேலை வந்திருக்கிறது, அதற்கும் உதவவில்லை என்றால் இது என்ன இழவுக்கு என்று மீனாவுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பச்சை மை ஞாபகம் வந்தது.

வியாழன் காலை பள்ளி அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். "மொக்கைச்சாமிண்ணே, வெப்சைட் கோப்பு ஒண்ணு இருக்கும்ணே, 2009!"

கிளார்க் மொக்கைச்சாமி ஒரு மணி நேரம் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். "இந்தா பாப்பா. என்ன பாஷைன்னே வெளங்கல. சீல் இருக்கேன்னு தூக்கிப் போடல."

மூன்றாவது தாளில் அது இருந்தது: lf;f lf;f lk;. வரிவரியாக, முத்திரையோடு.

மீனா மையத்துக்கு ஓடினாள். கம்ப்யூட்டரைக்கூடப் போடவில்லை. தாளை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரல்களைக் கீபோர்டில் வைத்து, தாளில் இருந்த எழுத்துகளை அப்படியே அடித்தாள். வலது மோதிர விரலில் ட. இடது ஆள்காட்டி விரலில் க. சுண்டு விரலில் புள்ளி. கண்ணுக்குப் புரியாதது விரலுக்குப் புரிந்தது!

"டக்க டக்க டம்!" என்று கத்தினாள். "அண்ணே, வருதுண்ணே! வந்துருச்சு!"

சான்றிதழுக்கு நின்ற கூட்டம் மிரண்டு பார்த்தது. ராம்கி பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் அடிக்க, முதல் பாதி முடிந்து, திருப்பம் வந்தது.

மீனாவின் விரல் நின்றது. மறுபடி அடித்தாள். fhy; kl;Lk;.

"என்னத்தா, சொல்லு!"

"கால் மட்டும்," என்றாள். "எட்டு எண்ணிக்கை. யாரும் அடிக்கக் கூடாது, கால் மட்டும்னு இருக்குண்ணே."

ராம்கி கையை அப்படியே நிறுத்தினான். திரும்பும்போது அந்த இடத்தில் யாரும் எதையும் அடித்ததே இல்லை. டிரம்மெல்லாம் அடங்கி, பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். அவரவர் மனசுக்குள் அவரவருக்குப் பிடித்த ஒன்றை ஓட்டிக்கொண்டு எட்டு எண்ணியிருக்கிறார்கள். ஒன்பது பேர் சொன்ன ஒன்பதும் அதுதான். மீனா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இம்மானுவேல் சாரிடம் சொன்னபோது, "அட ஆமா! நான்தானே அடிக்காதீங்கன்னு கத்துவேன்!" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

வெள்ளி முழுக்க மைதானத்தில் பயிற்சி. அன்றைக்கே நடை முழுவதையும் வெப்சைட்டில் ஏற்றினாள். போனைக் காட்டினால் அதைத் திறக்கும் கட்டம்போட்ட க்யூஆர் கோடு ஸ்டிக்கரைப் பெரிய டிரம்மின் முகத்திலேயே ஒட்டினாள். அப்புறம், இருக்கட்டுமே என்று அடியில் ஒரு கவுண்டரும் வைத்தாள்.

சனிக்கிழமை மதுரையில், சோணைப்பிரியா கோலை உயர்த்த, முப்பத்தாறு பேரும் மேடைக்கு முன்னால் திரும்பினார்கள். சட்டென்று டிரம்கள் அடங்கின. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் ஒரு அம்மா 'ஐயோ' என்றது. மீனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று... முப்பத்தாறு ஜோடி பூட்ஸ் ஒரே காலாக விழுந்தது. எட்டு முடிந்ததும் எல்லா டிரம்மும் ஒன்றாக வெடித்தபோது மைதானமே எழுந்து நின்றது. மீனா எழுந்ததும் கத்தியதும் அவளுக்கே தெரியாது.

இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்காரர்களே வந்து, "அந்த நிறுத்தம் எப்படி?" என்று கேட்டு, டிரம்மின் முன் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் கூட்டம்.

பஸ் ஏறும் நேரத்தில் ராம்கி போன் பண்ணினான். "கவுண்டர் எம்புட்டுத்தா?"

"நானூத்திப் பன்னெண்டுண்ணே."

"ஆத்தா, சத்தியமாச் சொல்றேன், காலையிலருந்து ஒரு கம்ப்யூட்டரையும் நான் போடல," என்றான் ராம்கி.