உட்கார்ந்தே தூங்குகிறவர்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. வாராவாரம் நான் இங்கே எழுதுவதைப் படித்துப் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். பக்கத்துத் தெரு பிலோமி தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"கட்டிலு சும்மா கெடக்கு. இவிய சேர்ல உக்காந்துதான் தூங்குதாவ. தோணிக்குப் போன பழக்கம் இன்னும் விடல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பேசாமல் வந்துவிட்டேன்.

என் அண்ணனும் இப்படித்தான் தூங்கினார்.

அண்ணன் தண்டல் – கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். கடலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து பழகியவர், வீட்டில் ஈஸிசேரில் தூங்கினால் யாருக்குச் சந்தேகம் வரும்? அண்ணன் மனைவி, என் மதினி, கேலி செய்வாள்: "என்ன தண்டலு, இன்னும் கரை தெரியலியோ?"

பிறகு செருப்புக்குள் கால் நுழையவில்லை. உடம்பு பூசியிருக்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டோம். கோயில் படி ஏறவே மூச்சு வாங்கியபோதுதான் டாக்டரிடம் போனோம்.

அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, தோணிக்குள்ள தண்ணி கசிஞ்சா?"

"எறைப்போம்."

"எறைக்கிற ஆளு ஓஞ்சுபோனா?"



இதயம்தான் அந்த ஆள் என்றார் டாக்டர். பல வருஷமாக யாரும் கவனிக்காத பிளட் பிரஷர். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்து, ஓய்ந்துவிட்டது. வருகிற ரத்தத்தை முழுதாக வெளியே தள்ள முடியவில்லை. அது பின்னால் தேங்கி, நுரையீரலிலும் காலிலும் நீர் கசிகிறது. படுத்தால் காலில் கிடக்கும் நீரும் மேலே திரும்பி நெஞ்சை அடைக்கும். உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கும். சுருட்டு, சர்க்கரை, மாரடைப்பு, சின்ன வயதில் மூட்டு வீங்க வரும் காய்ச்சல் – இவையும் இதயத்தைக் கெடுக்குமாம். உப்போ, நீரை உடம்பிலேயே பிடித்து வைக்குமாம்.

"உப்பக் கொறைக்கணும்மா."

மதினி உடனே சொன்னாள்: "அவிய கொழம்பே தொடுறதில்ல டாக்டர். கஞ்சியும் கருவாடுந்தான்."

டாக்டர் சொன்னார்: "அதுதாம்மா உப்பு."

மாத்திரையில் நீர் பிரிந்தது, கால் வற்றியது. ஒரு மத்தியானம் அண்ணன் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்துப் பழக்கமில்லாத மதினி பயந்துபோய் உலுக்கினாள்.

"ஏளா, மனுசனத் தூங்க விடு."

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

சுகமாகிவிட்டது என்று அண்ணன் தானாகவே மாத்திரையை நிறுத்தினார். கருவாடு திரும்ப வந்தது. ஓய்ந்த இதயத்துக்கு மாத்திரை கைகொடுக்கும். புது இதயம் தராது. அது எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

பிலோமிக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் இதை முடித்ததும் நானே அவள் வீட்டுக்குப் போகிறேன். வீட்டுக்காரர் காலை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அவள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஞாபகத்திலிருந்து எழுதியதில் தப்பிருக்கும். படிக்கிற டாக்டர்கள் யாராவது சரிபார்த்து இரண்டு வரி எழுதிப் போடுங்கள்... ஆனால் உங்கள் பதில் வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.