கொடி நிறைய ஈர வேட்டி

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் நாங்கள் ஒரு லாட்ஜ் நடத்தினோம். கட்டடம் எங்களுடையது இல்லை, குத்தகை. சொந்தக்காரர் காந்தி மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருந்தவர். மாடியில் வரிசையாக ரூம்கள், கீழே ஒரு ரூமும் நாங்கள் குடியிருந்த பகுதியும், கொல்லையில் செங்கல் அடுப்புகள் போட்ட கீற்றுக்கொட்டகை. அந்தக் கொட்டகைதான் நமக்குச் சோறு போடுகிறது என்பார் என் வீட்டுக்காரர். யாத்திரைக் கோஷ்டிகள் அப்போதெல்லாம் ஓட்டலில் சாப்பிட மாட்டார்கள். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டி வரும். காவேரியில் குளித்துவிட்டு வந்து, எங்கள் அண்டாவில் பொங்கி, எங்கள் வராந்தாவில் இலை போட்டுச் சாப்பிட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து படுப்பார்கள். அடுப்பும் பாத்திரமும் சுத்தமாக இருந்தால் அடுத்த வருஷமும் அதே லாட்ஜுக்குத்தான் வருவார்கள்.

அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்ததே, அதில்தான் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகக்கூடாது என்று ரோட்டுக்கு ரோடு செக்போஸ்ட் போட்டார்கள். பதுக்கல்காரனைப் பிடிக்கப் போகிறார்களாம்! பிடிபட்டது யார்? சாமி கும்பிட வந்த இடத்தில் பொங்கித் தின்னலாம் என்று முந்தானையில் ஒரு படி அரிசி முடிந்துகொண்டு வந்த கிழவிகள். ஒரு கோஷ்டி அரிசியைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தது. பாயை உதறச் சொன்னார்களாம், அரிசி பஸ் முழுக்கச் சிதறிப் போயிற்றாம். அந்தப் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அப்படி அழுதவர்கள் மறுபடி வருவார்களா? கொண்டு வரவும் முடியாது, வந்த இடத்தில் வாங்கவும் கிடைக்காது. கொட்டகையில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

தெருவே வேறு தெருவாகிவிட்டது. எதிர்வரிசை டிபன் கடைக்காரர் இட்லியை நிறுத்திவிட்டு வள்ளிக்கிழங்கு அவித்து விற்றார். குங்குமமும் சாமி படமும் விற்றுக்கொண்டிருந்தவர் ரேஷன் கடைக்குக் கொண்டுபோகிற துணிப்பை தைத்துத் தொங்கவிட்டார். அது விற்றது, அதைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் போட்டோ ஸ்டூடியோ. கோபுரமும் காவேரியும் வரைந்த திரைக்கு முன்னால் வெளியூர்க் குடும்பங்களை நிறுத்திப் படம் எடுப்பதுதான் அந்த மனிதருடைய தொழில். கோஷ்டிகள் நின்ற பிறகு அவர் சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். செத்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து, மாலை போட்டு, உறவுக்காரர்களைச் சுற்றி நிறுத்தி எடுக்கிற படம். "உயிரோட இருக்கிறவங்கதான் ஆடாதேன்னா ஆடுவாங்க அக்கா. இவங்க சொன்ன பேச்சு கேக்கறாங்க" என்பார். சிரித்துவிடுவேன். பிழைக்க வந்த தெருவில் பிணம்தான் வாடிக்கையா என்று உள்ளே போனதும் தோன்றும்.

புரட்டாசியில் கட்டடச் சொந்தக்காரர் வந்தார். மாடி ரூம்களுக்குள் போய்ச் சுவரைத் தடவித் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். மனிதர் படுக்கிற ரூமுக்கு யாரும் அப்படிச் சுவரைத் தடவ மாட்டார்கள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கீழே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"வைகுண்ட ஏகாதசி வரைக்கும் பாருங்க. ரூமெல்லாம் ரொம்பிச்சுன்னா நீங்களே நடத்துங்க, நான் குறுக்க நிக்கல. இல்லேன்னா தை பொறந்ததும் குடோனுக்கு எடுத்துக்கறேன். மூட்டை வைக்க இடம் இல்லாம திண்டாடறேங்க."

ஊரில் ஒரு பிடி அரிசி இல்லை. இவருக்கு வைக்க இடம் இல்லையாம்! கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அந்த லாட்ஜை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. குடியிருப்பும் அதுதான், பிழைப்பும் அதுதான். "வந்தவங்கள வாங்கன்னு சொல்லத் தெரியும். வேற என்ன தெரியும் எனக்கு?" என்று அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேட்டார். அதுதான் உண்மை.

யோசனை சொன்னவர் போட்டோக்காரர்தான். எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டேஷனிலிருந்து வருகிற யாத்ரீகர்கள் போர்டைப் பார்க்க மாட்டார்கள், மாடிக் கொடியைப் பார்ப்பார்கள். கொடியில் ஈர வேட்டியும் புடவையும் காய்ந்தால் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மூட்டைப்பூச்சி இல்லை என்று அர்த்தம். கொடி வெறுமையாக இருந்தால் ஏதோ கோளாறு என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

"உங்க கொடி காலியா இருக்குங்க அண்ணே, அப்புறம் எவன் படி ஏறுவான்?" என்றார் போட்டோக்காரர்.

மறுநாளே எங்கள் வீட்டுத் துணியெல்லாம் மாடிக்கு ஏறியது. காய்ந்துவிட்டால் இறக்கித் திரும்ப நனைத்துப் போட வேண்டும். அழுக்கே இல்லாத துணியை நாள் முழுக்க நனைத்துப் பிழிந்து என் கை வெளுத்துப் போயிற்று. "இது என்னங்க கூத்து? பாக்கறவங்க காறித் துப்புவாங்க" என்று கத்தினேன். "நீ சும்மா இரு, ஒண்ணு ரெண்டு பேராவது வராங்களா இல்லையா?" என்றார். வந்தார்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு கிழத் தம்பதி வந்தது, ஒரு சர்வே ஆபீஸ்காரர் வந்தார். அதோடு சரி. ஆனால் அவருக்கு அதுவே போதும், நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் மலைபோல நம்பியது சித்தூர்ப் பக்கத்து ஒரு கோஷ்டித் தலைவரை. அவரும் அவர் மனைவியும் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். மார்கழி பிறந்தால் ஒரு பெரிய கோஷ்டியோடு வந்து எங்கள் லாட்ஜ் முழுவதையும் எடுத்துக்கொள்வார். முந்தின வருஷம் வரவில்லை. "இந்த வருஷம் வந்துடுவாரு. அவர் ஒருத்தர் வந்தா போதும், லாட்ஜ் தப்பிச்சிடும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏகாதசிக்கு முதல் நாள் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சலவைக்காரரிடம் கெஞ்சி ஒரு பொதி வேட்டி வாங்கி வந்துவிட்டார். கோயில் வாசலில் செருப்புக் காவல் இருப்பவரிடம் யாரும் திரும்பி வந்து கேட்காத செருப்புகள் கிடக்குமே, அவற்றையும் ஒரு சாக்கில் அள்ளி வந்து எங்கள் வாசற்படியில் பரப்பினார். மாடியில் சுவரே தெரியாமல் வேட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளே கால் வைக்க இடமில்லாத மாதிரிதான் இருந்தது.

ஏகாதசிக் கூட்டம் வந்தது. லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் வந்து, ஆற்றில் முழுகி, சொர்க்கவாசலில் நெரிபட்டு, அன்றைக்கே பஸ் ஏறிப் போகிற கூட்டம். ரூம் எதற்கு அவர்களுக்கு? என் வீட்டுக்காரர் வாசலை விட்டு நகரவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து மூட்டையோடு யார் வந்தாலும் எழுந்து நிற்பார். அவர்கள் தாண்டிப் போனதும் உட்காருவார். சித்தூர்க்காரர் வரவில்லை. நான் இரண்டு தடவை காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், இரண்டும் ஆறிப்போய்த் திரும்பி வந்தன.

மறுநாள் துவாதசி. மத்தியானம் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் சித்தூர்க்காரர்! வண்டிக்குள் அவருடைய மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். என் வீட்டுக்காரர் வேட்டியைக்கூடச் சரிசெய்யாமல் ஓடினார்.

"வாங்க, வாங்க! எப்ப வந்தீங்க?"

"முந்தாநாளே கோஷ்டியோட வந்துட்டோம் ஐயா. செக்போஸ்ட்டுக்குப் பயந்து அரிசி எடுக்கல, அவல் மூட்டையோட வந்தோம். நேரா இங்கதான் வந்தோம். அந்த முக்குல நின்னு பாத்தேன். மாடி பூரா துணி, வாசல் பூரா செருப்பு! மனசு குளுந்துபோச்சு."

"உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஒருதரம் இடமில்லேன்னதும் உங்க ரூமை எங்களுக்குக் கொடுத்துட்டு, சம்சாரத்தோட கொட்டகையில படுத்தீங்களே. மறுபடி அந்தப் பாவம் எதுக்கு? படித்துறை மண்டபத்துலயே படுத்துக்கிட்டோம். பனிதான் தாங்கல. இவளுக்குக் காய்ச்சல் கண்டுடுச்சு, சொர்க்கவாசல் சேவிக்கல. கோஷ்டி ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு, ரயில் ஏறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மார்கழிப் பனியில், ஆற்றங்கரையில், கல் தரையில்! இங்கே ரூம் ரூமாகப் பாய் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு ரூம் இப்பதாங்க காலியாச்சு" என்று சொல்லி அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கீழ் ரூமில் படுக்க வைத்தேன். உடம்பு கொதித்தது. சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, கொல்லைக்குப் போக வேண்டும் என்றாள். பிடித்துக்கொண்டு போனேன்.

திரும்பி வரும்போது கொட்டகை முன்னால் நின்றுவிட்டாள். இத்தனை பேர் தங்கியிருக்கிற லாட்ஜில் ஏகாதசி விரதம் முடிந்த துவாதசிப் பகலில் அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றும் எரியவில்லை. ஒரு அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது. அவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். கதவெல்லாம் திறந்தபடி, உள்ளே ஆள் அரவம் இல்லை.

"யாருமே இல்லையே?" என்றாள். என் கையை உதறினாள். "அரிசி இல்லாம வர்ற சனங்க உங்ககிட்ட சோறு கேப்பாங்கன்னுதான் இப்படித் துணி கட்டி மறைச்சீங்களா?"

"ஐயோ அக்கா, இல்லக்கா!" என்று அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். எதை மறைப்பது இனிமேல்? கட்டடக்காரர் சொன்னது, தை பிறந்தால் நாங்கள் வெளியே போக வேண்டியது, வேட்டியை நனைத்து நனைத்துப் போட்டது, அவர்களுக்காகவே வாசலில் காத்துக் கிடந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பளிக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நாங்க வந்திருந்தா இடம் நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும் அக்கா."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். "உங்களுக்கு நல்லது பண்ணிட்டோம்னு ரெண்டு நாளா அதையே சொல்லிட்டிருக்காரு. தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு."

வாசலில் ஆண்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"இந்தப் பஞ்சத்துலயும் உங்களுக்கு இவ்வளவு கூட்டம்னா அது பெருமாள் கிருபை ஐயா" என்றார் சித்தூர்க்காரர்.

"ஆமாங்க, பரவாயில்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அடுத்த வருஷம் முன்னாடியே ஒரு கார்டு போட்டுடுங்க. மாடி பூரா உங்களுக்குன்னே எடுத்து வெச்சிடறேன்."

தை இரண்டாம் தேதி மண்டி லாரி வந்து நின்றது. அந்த அம்மாள் காய்ச்சலோடு படுத்திருந்த ரூமில்தான் முதல் மூட்டையை இறக்கினார்கள். கூலிக்காரர்களுக்கு வழி தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இப்படி வாங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.