மிளகாய்க்குப் போன உப்பு

அரச ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய இரசாயனப் பொருட்களை மத்திய களஞ்சியத்திலிருந்து மட்டுமே பெறவேண்டும். அங்கே இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே வெளியில் வாங்கலாம். இந்த விதி எனக்கு மனப்பாடம். ஊர்காவற்றுறையில் இருந்த சிறிய ஆய்வு நிலையத்தின் களஞ்சியம் என் பொறுப்பில் இருந்தது. அமோனியம் சல்பேற்று என்ற உப்பைக் கேட்டு விதிப்படி எழுதினேன். விதிப்படி நினைவூட்டினேன். இருக்கிறது என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அந்த உப்பு இல்லாமல் எங்கள் நிலையத்துக்கு வேலையே இல்லை. பப்பாசிக்காயைக் கீறி வடியும் பாலில் பப்பெயின் என்ற நொதியம் இருக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான். பாலை நீரில் கரைத்து, வடித்து, அமோனியம் சல்பேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், புரதம் கரைந்திருக்க இடமில்லாமல் தயிர் போலத் திரண்டு வெளியே வரும். இறக்குமதிக்குத் தடை போட்டிருந்த காலம். உள்நாட்டிலேயே நல்ல பப்பெயின் செய்து காட்டவேண்டும், வருடம் முடிவதற்குள் மாதிரி கொழும்புக்கு வரவேண்டும், வராவிட்டால் நிலையம் மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கடிதம் மட்டும் தாமதமில்லாமல் வந்தது.

இதே உப்பு கூட்டுறவுச் சங்கக்கடையில் உரமாக மூட்டை மூட்டையாகக் கிடந்தது. உரத்துக்கு அந்த விதி இல்லை. போய்க் கேட்டேன்.

“உமக்கு எங்கை ஐசே தோட்டம்?” என்றார் சங்கக்கடை மனேச்சர். “கண்ணாடிக் குடுவைக்குள்ளையோ மிளகாய் நட்டிருக்கிறீர்?”

“பப்பாசிப் பாலிலையிருந்து புரதம் பிரிக்கிறதுக்கு அண்ணை. இறைச்சியை மெதுவாக்கிற சாமான்.”

“அதுக்கோ? கறிக்குள்ளை ஒரு துண்டு பப்பாசிக்காய் போட்டால் காணுமே! என்ரை மனுசி ஆராய்ச்சி செய்தே ஆடு காய்ச்சிறவ?” கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். “பயிர் இருந்தால் உரம். இல்லாட்டி ஏலாது. எனக்கும் சட்டம் இருக்கு.”

நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரி யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண். இரசாயனத்தில் பட்டம் பெற்றவர். மண்வெட்டி பிடித்தறியாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பயிர்தானே கேக்கிறார்? நடுவம்,” என்றார்.

“மிஸ், ஆய்வுகூட வளவிலை பயிர் செய்யலாமோ எண்டு விதியிலை...”

“செய்யக்கூடாதெண்டு இருக்கோ?”

தேடிப் பார்த்தேன். இல்லை.

வளவில் நட்ட மிளகாய் நாற்றைக் கண்டதும் மனேச்சர் ஒரு மூட்டை தந்தார், உரம் பயிருக்குத்தான் போகிறதா என்று பிறகு வந்து பார்ப்பேன் என்ற எச்சரிக்கையோடு. மூட்டைக்குள் சணல் நாரும் சாம்பல் நிறக் கட்டிகளும் இருந்தன. கரைத்து, வடித்து, காய்ச்சி, வெள்ளையாக எடுத்தோம். புரதம் அழகாகத் திரண்டது. அது அடங்கிய பிறகு மேலே நின்ற உப்பு நீரை வீசுவானேன் என்று மிளகாய்க்கு ஊற்றினேன். இரண்டு செடிகள் கருகிப் போயின. அதன் பிறகு தண்ணீர் கலந்து ஊற்றினேன். செடிகள் நிமிர்ந்தன.

மனேச்சர் ஆடி மாதத்தில் சைக்கிளில் வந்தார். செடிகளுக்கு நடுவே குனிந்து, இலையைப் புரட்டி, வேரடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

“என்ரை மச்சான்ரை தோட்டத்திலையும் இப்பிடி இல்லை. உரம் முழுக்க இதுக்கோ போட்டனீர்?”

“ஒரு சொட்டும் வெளியிலை போகேல்லை அண்ணை. எல்லாம் இந்தச் செடிக்குத்தான்.”

இடையில் உரம் ஆய்வுகூடத்துக்குள் ஒரு சுற்றுப் போய் வந்ததை அவர் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் எழுதுவது அரச சேவையில் வழக்கமும் இல்லை.

மறுநாள் காலையில் மனேச்சரின் மச்சான் வாளியோடு வாசலில் நின்றார். “மிஸ், செடிக்கு ஊத்திற தண்ணியிலை ஒரு வாளி தாறியளே?”

எங்களுக்கோ அப்போது பெரிய சங்கடம். திரண்ட புரதத்தில் உப்பும் ஒட்டியிருக்கும். அதை ஒரு மெல்லிய பையில் கட்டி நல்ல தண்ணீரில் தொங்கவிட்டால், உப்பு பையின் நுண்துளைகளால் வெளியேறும். புரதம் பெரியதால் உள்ளேயே நிற்கும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் கிணறோ சவர். உப்பைப் போக்க உப்புத் தண்ணீரில் போட்டு என்ன பயன்? மிஸ் மச்சானின் வாளியைப் பார்த்தார்.

“உங்கடை கிணறு நல்ல தண்ணியோ?”

“தேன் மாதிரி.”

“அப்ப ஒரு வாளி கொண்டு வாங்கோ. ஒரு வாளி கொண்டு போங்கோ.”

நல்ல தண்ணீர் வந்தது. பை குளித்த தண்ணீர் போனது. மச்சானைப் பார்த்து அயலவர்களும் வந்தார்கள். “இண்டைக்குப் பை முழுகிட்டுதோ?” என்று வாசலில் நின்று கேட்பார்கள். கடைசித் தடவைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் பாவித்தோம். பையில் மிஞ்சியதை உலர்த்தினோம். இளம் மஞ்சள் தூள். நொதியம் வேலைசெய்தால் பாலைத் திரட்டும். அதில் ஒரு சிட்டிகையை ஆட்டுப்பாலில் இட்டதும் பால் திரண்டது. மிஸ் மேசையில் ஓங்கித் தட்டினார். பால் என் சேட்டில் ஊற்றுண்டது.

கார்த்திகையில் மாதிரியை அடைத்து அனுப்பினோம். புழுக்கமான தபால் பெட்டிக்குள் கிடந்து நொதியம் செத்துவிட்டால், கொழும்பில் பால் பாலாகவே இருக்கும். நாங்கள் ஆளுக்கொரு திசையில் மாற்றலாகிப் போவோம். மார்கழி முழுவதும் மிஸ் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். வருடமும் முடிந்தது.

பதில் இரண்டே வரி. மாதிரி பாலைத் திரட்டியது. நிலையம் தொடர்ந்து இயங்கலாம். அந்தப் பதில் எங்கள் கைக்கு வந்தது 1973ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முதல் நாள்.